கல்லட்டி இல்லாத ஊரில்

கும்மிடிப்பூண்டியில் சைக்கிளுக்கு ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். கவரைப்பேட்டையில் தொடங்கி ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கம் வரை ஜி.என்.டி. ரோட்டில் மிதித்தாலும் கியரை இறக்க வேண்டிய இடம் வேறு கிடையாது. சிப்காட்டில் ஷிப்ட் விட்டதும், கம்பி ஏற்றிய டிரெய்லர்களுக்கு நடுவே ஒடிசா, பீகார் பையன்கள் கியரில்லாத சைக்கிளில் சர்ரென்று போவார்கள். அவர்களைப் பார்த்தாலே எனக்கு நீலகிரியின் கல்லட்டி மலைப்பாதை ஞாபகம் வந்துவிடும். என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள்.

பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் ‘டூர் ஆஃப் நீலகிரீஸ்’ பயணத்தில் சேர்ந்தேன். 2008 டிசம்பரில் தொடங்கிய பயணம் அது. நேரத்தைத் துரத்துகிறவர்களும் வருவார்கள், பொழுது சாய்வதற்குள் ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்கிற என் கட்சியும் வரும். மைசூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் நாள்தான் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கும். குண்டலுப்பேட்டை, பந்திப்பூர், தெப்பக்காடு என்று நூறு கிலோமீட்டரை நெருங்கி, தொடை கெஞ்சத் தொடங்கும் நேரத்தில் மசினகுடி வரும். அன்றைய கடைசி மலையான கல்லட்டி அங்கேதான் ஆரம்பம்.

முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள். ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஏற வேண்டும். அடிவாரத்தில் முள்ளும் புதருமாக வறண்ட காடு, உச்சி வெயில். எதிரே இறங்கும் வண்டிகளின் பிரேக் தீய்ந்த வாடை மூக்கில் ஏறும். வளைவின் உள்பக்கம் சுவர் மாதிரி நிற்கும். வண்டி வராவிட்டால் வெளிப்பக்கமாக அகலத் திரும்பிக் கொஞ்சம் மூச்சு வாங்கலாம். இருப்பதிலேயே இலகுவான கியரைப் போட்ட பிறகும் கை தானாக இன்னொரு கியரைத் தேடும். சிலர் இறங்கித் தள்ளுவார்கள். நானும் தள்ளியிருக்கிறேன், அதில் வெட்கமில்லை. காய்கறித் தோட்டங்கள் தென்படும் உயரத்தில் ஓர் அம்மா, “ஏன் தம்பி, பஸ்ஸு கெடைக்கலையா?” என்று நிஜமான கவலையோடு கேட்டார். சிரிக்கக்கூட மூச்சு இல்லை. அதற்குள் காற்று குளிர்ந்து, வியர்வை முதுகில் சில்லிட்டிருந்தது.

உச்சிக்காக ஏங்குகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். மேலே தலைக்குந்தாவில் காத்திருப்பது ஒரு சாதாரணக் கூட்டுரோடு. ஊட்டி அதற்கும் அப்பால். எனக்கு வேண்டியது கடைசிப் பத்து வளைவுகள். அங்கே சம்பளம், டார்கெட், வீட்டுக் கடன் எதுவும் தலைக்குள் நிற்காது. அடுத்த வளைவின் எண் பலகை மட்டும் நிற்கும். பக்கத்தில் மூச்சிரைக்க வருகிறவரின் பெயர் தெரியாது, ஆனால் அவருடைய தண்ணீர் பாட்டிலில் எனக்கும் பங்கு உண்டு.

எதிர்காற்றுதான் சமவெளியின் மலை என்பார்கள், 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கும் ‘ப்ரெவே’ நெடுந்தூர சைக்கிள் நண்பர்கள். ஜி.என்.டி. ரோட்டில் கடற்காற்றில் மாட்டியவர்களுக்கு அது புரியும். நான் ஒப்புக்கொள்ளவில்லை. காற்று பாதி வழியில் மனம் மாறிவிடும், மலைக்கு அந்தப் பழக்கம் இல்லை.

எங்கள் மண் கியரில்லாத சைக்கிளுக்கு வாய்த்த மண். அப்பாவின் ஹெர்குலிஸ் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸில் பிறந்தது. அம்பத்தூர் அப்போது செங்கல்பட்டு மாவட்டம், 1997-க்குப் பின் எங்கள் திருவள்ளூர், 2018 முதல் சென்னை; அந்த சைக்கிள் எந்த மாவட்டத்திலும் மலை பார்த்ததில்லை. ஊத்துக்கோட்டைப் பக்கம் போனால் மேற்கே நாகலாபுரம் மலை நீலமாகத் தெரியும். பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். முட்டித் தேய்மானத்துக்கு மருத்துவர் விதித்த எல்லை அது.

உங்களுக்கு முட்டி நன்றாக இருக்கிறதா? அடுத்த டிசம்பருக்கு இப்போதே பழகுங்கள். பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரமாகப் போட்டுக்கொள்ளுங்கள், மசினகுடியில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். அந்த அம்மா கேட்டால், பஸ் கிடைக்கவில்லை என்றே சொல்லுங்கள்.