தார் இல்லாத பாய்!

"நாமக்கல்தானே போறே? ஆஞ்சநேயரைக் கும்பிட்டுட்டு, அப்படியே ஒரு தார்ப்பாய் வாங்கிட்டு வந்துடு" என்றார் துறையூர் மாமா. ஏதோ அரை டஜன் வாழைப்பழம் வாங்கி வரச் சொல்கிற மாதிரி!

"என்ன கலர் மாமா?" என்று கேட்டேன். பி.காம். படித்தவனுக்கு வேறென்ன கேட்கத் தெரியும்?

"எதுவா இருந்தாலும் சரி. நீலம் மட்டும் வேண்டாம்."

நீலத்தின் மேல் மாமாவுக்கு அப்படியொரு கோபம். போன வருஷம் அத்தையின் இரட்டை வடச் சங்கிலி பாங்குக்குப் போய், விதை வெங்காயமாகத் திரும்பி வந்தது. பட்டறை போட்டு வைத்திருந்தார்கள். ஆவணியில் மழை பிடித்துக்கொள்ள, மாமா பதறிப் போய் ஒரு நீல ஷீட்டை வாங்கி, தலை முதல் கால் வரை மூடி, சுற்றிலும் கல் வைத்துவிட்டார். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. பத்து நாள் கழித்துத் திறந்தால்... மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருவே ஓடியது. பாதி வெங்காயம் அழுகல். சங்கிலி இன்னும் பாங்கில்தான் இருக்கிறது. இந்த வருஷமும் பட்டறை நிறைய விதை வெங்காயம். விட்டால் நடவுக்கு ஒன்றுமில்லை.

நாமக்கல்லில் ஒரு வேடிக்கை பாருங்கள். 18 அடி ஆஞ்சநேயர் கூரையே இல்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கிறார். அவரைச் சுற்றியுள்ள ஊரோ, இந்தியா முழுக்க ஓடும் லாரிகளுக்குப் படுதா தைத்துப் போடுகிறது!

லாரிப் பட்டறைகள் பக்கம் ஒரு கடைக்குள் நுழைந்தேன். மெழுகும் புதுத் துணியும் கலந்த வாசனை. தரையில் பரப்பிய கித்தானுக்கு நடுவே, தையல் மெஷினோடு ஒருவர் தீவு மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"நல்ல தார்ப்பாயா ஒண்ணு கொடுங்க."

"எதுக்குங்க தம்பி?"

"மழைக்குத்தான்."

"மழைக்கு இல்லீங்க. எதை மூடப் போறீங்க?"

வெங்காயம் என்றதும் மெஷினை நிறுத்திவிட்டார். கதையைக் கேட்டு, "வெங்காயத்துக்கு உசிரு இருக்குதுங்க. மூச்சு விடும், வேர்க்கும். பிளாஸ்டிக்குல சுத்தினா அந்த வேர்வையிலேயே வெந்துரும். மழை கெடுக்கலீங்க, உங்க மாமாதான் கெடுத்தாரு" என்றார். ஈர நெல்லை மூடினாலும் இதே கதிதானாம், சூடேறி முளைத்துவிடும்.

அப்புறம் எனக்குப் பாடம் நடந்தது. பருத்திக் கித்தான் நனைந்தால் நூல் ஊதி, இடுக்கை அடைத்துக்கொள்ளும். காற்றும் ஓரளவு போகும். கயிறு போட்டு இழுத்தால் வழுக்காது. ஆனால், மழை பெய்யும்போது உள்பக்கம் கை வைத்தால் அந்த இடத்தில் ஒழுகும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை. விலையும் கனமும் அதிகம். கல்யாணப் பந்தலுக்கு நாலு நாள் கட்ட மெல்லிய ஷீட் போதும். அதையே வருஷம் முழுக்க வெயிலில் போட்டால் அப்பளமாக நொறுங்கிவிடும். வெயில் தாங்க மருந்து சேர்த்த, பல அடுக்கு ஷீட்தான் நிற்கும்.

"எத்தனை ஜி.எஸ்.எம். வேணுங்க?"

ஜி.எஸ்.எம். என்றால் செல்போன் சமாச்சாரம் என்றல்லவா நினைத்திருந்தேன்! ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதாம். அட, இது நம்ம கணக்காச்சே! 15-க்கு 30 அடி என்றால் சுமார் 42 சதுர மீட்டர். 250 ஜி.எஸ்.எம். என்றால் பத்தரை கிலோ இருக்க வேண்டும். 120 என்றால் ஐந்து கிலோதான். தராசில் வைக்கச் சொன்னேன். பத்தரை! படித்த படிப்பு முதல் முறையாகப் பயன்பட்டது.

தார் எங்கே என்று கேட்டதற்குச் சிரித்தார். அந்தக் காலத்து மாலுமிகள் துணியில் தார் பூசினார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கப்பலுக்கும் பாய்தானே!

"மேல மட்டும் போடுங்க. நடுவுல கழி கொடுத்து, கூரையிலிருந்து ஒரு அடி தூக்கிக் கட்டுங்க. பக்கமெல்லாம் திறந்திருக்கணும். தண்ணி தேங்கக் கூடாது" என்று சொல்லி, கண்களுக்குக் கயிறும் கோத்துக் கொடுத்தார். பஸ்ஸில் கணக்குப் போட்டேன். நூறு சதுர அடியில் ஓர் அங்குலம் தண்ணீர் தேங்கினால் 236 கிலோ! எந்தக் கழி தாங்கும்?

"பக்கமெல்லாம் திறந்து விடறதுக்கா பாய்?" என்று மாமா குதித்தார். அத்தைதான், "போன வருஷம் நீங்க மூடினது போதும்" என்று அடக்கினாள். காற்றில் படபடக்காமல் கயிற்றை இறுக்கி, நானும் மாமாவும் கட்டி முடிக்கையில் இருட்டிவிட்டது.

நாலாம் நாள் ராத்திரி மழை கொட்டியது. மாமா டார்ச்சோடு எழுந்து போனார். பின்னாலேயே நானும். பட்டறை இடுக்கில் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். ஒரு வெங்காயத்தை எடுத்து முகர்ந்தார். சருகு சலசலத்தது.

"காய்ஞ்சுதான் இருக்கு. நீ போய்ப் படு" என்றார். அவர் மட்டும் விடியும் வரை திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாராம்.