தெரிவே இல்லாத ஒரு கேம்

'பிளானட்டேரியன்' விளையாடி முடிச்ச ஆக்களிட்ட "எப்பிடி?" எண்டு கேட்டால் அநேகமாக இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "அழுதிட்டன்." மற்றது, "இதெல்லாம் ஒரு கேமா?" எங்கட வட்டத்துக்குள்ளேயும் இதே பிரிவுதான்.

இரண்டாவது கேள்வியில் நியாயம் இருக்கிறது. யப்பானின் 'கீ' நிறுவனம் 2004இல் வெளியிட்ட இந்த அறிவியல் புனைகதை விஷுவல் நாவலில் நாங்கள் தெரிவு செய்ய எதுவுமே இல்லை. வழக்கமாக இவ்வகைக் கேம்களில் 'போவதா, நிற்பதா' என்று இடைக்கிடை கேட்பார்கள்; பதிலுக்கேற்ப முடிவு மாறும். இதில் வாசித்து வாசித்துக் கிளிக் பண்ணுவதுதான் முழு வேலையும். இதற்கு 'கைனெடிக் நாவல்' என்று பெயர். நாலைந்து மணித்தியாலத்தில் முடிந்துவிடும்.

கதை நடப்பது போரில் அழிந்து, ஆட்கள் கைவிட்ட ஒரு நகரத்தில். மழை விடுவதே இல்லை. தானாக இயங்கும் போர் இயந்திரங்களுக்குத் தப்பி ஓடும் ஒருவன், பழைய கடைத்தொகுதியின் மேல்மாடியில் உள்ள கோள்மண்டலத்துக்குள் நுழைகிறான். அங்கே யுமெமி என்ற ரோபோப் பெண், தன்னோடு வேலை செய்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று ஏறத்தாழ 30 வருடமாகக் காத்திருக்கிறாள். மின்சாரம் போதாததால் வருடத்தில் ஒரு கிழமைதான் விழித்திருப்பாள். வந்தவனை 25 இலட்சமாவது பார்வையாளர் என்று வரவேற்கிறாள்.

பிறகு கதைக்கிறாள். கதைச்சுக்கொண்டே இருக்கிறாள். பாதியில் விட்ட நண்பர்கள் எல்லாரும் சொன்ன முறைப்பாடு இதுதான். வந்தவனுக்கும் அதே எரிச்சல்தான். ஆனால் அவன் திருத்திய புரொஜெக்டர் வானத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விடுகிறது. நிறுத்தாமல் சொல்லச் சொல்லி அவனே கேட்கிறான். கும்மிருட்டில், வெறும் குரலால் யுமெமி நட்சத்திரங்களைக் காட்டுகிறாள். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டுப் பார்த்த எங்களுக்கு அந்த இருட்டு விளங்காமல் போகாது. அவ்வளவு நேரமும் அலுப்படித்த அந்தக் கதைதான் அப்போது அவனுக்கு இருந்த ஒரே வானம்.

ஒரு தோழி சொன்ன குறையையும் மறைக்கத் தேவையில்லை. எப்போதும் பணிவாக, சிரித்தபடி சேவை செய்யும் சின்னப் பெண்ணாக ரோபோவை வரைவது யப்பானியக் கேம்களில் தேய்ந்துபோன பழக்கம். இங்கேயும் அதுதான்.

ஆனால் தெரிவு விசயத்தில் நாங்கள் கேமின் பக்கம். கடைசிப் பகுதியில், மழை பெய்யும் வீதியில் ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. அந்த இடத்தில் பட்டன் தந்திருந்தால் எல்லாரும் ஒரே பக்கத்தைத்தான் அமத்தியிருப்பம். பிழைத்தால் சேவ் பண்ணின இடத்துக்குப் போய்த் திரும்பவும் விளையாடியிருப்பம். அது முடியாது. கையைக் கட்டிக்கொண்டு பார்க்கத்தான் வேணும்.

போர்க்கதை சொல்லும் பெரியாக்களிட்ட "அப்ப ஏன் வேற பக்கம் போகேல்லை?" எண்டு நாங்கள் லேசாகக் கேட்டுவிடுகிறோம். வேற பக்கம் எண்டு ஒன்று அவைக்கு இருந்ததா என்பது கேள்வியே இல்லை மாதிரி.

ஸ்டீமில் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. இரவில், ஹெட்போன் போட்டு விளையாடுங்கோ. யுமெமி கதைக்கிறதை மட்டும் ஸ்கிப் பண்ணாதேங்கோ.