குளச்சல் ரசிகரின் ஒல்லாந்துக் கணக்கு

இந்தியா–பாகிஸ்தான் ஹாக்கி ஆட்டம் என்றால் நாடே பல்லைக் கடிக்கும். குளச்சலில் ஒரு ரசிகர் மட்டும் அவ்வளவாகச் சூடாகமாட்டார். அந்தக் கரையில் கோலோச்சுவது கால்பந்து. அங்கே ஹாக்கி ரசிகராக இருப்பதே ஒரு வீம்பு. அந்த வீம்புக்கு மேல் இன்னொரு வீம்பு: அவருடைய பரம எதிரி பாகிஸ்தான் இல்லை, நெதர்லாந்து.

காரணம் கடற்கரைப் பக்கம் கல்தூணாக நிற்கிறது. மிளகு வியாபாரத்துக்காக வந்து மல்லுக்கு நின்ற ஒல்லாந்தக் கம்பெனியை திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை 1741 ஆகஸ்டில் குளச்சலில் முறியடித்ததன் நினைவுத் தூண் அது. மீனவர்கள் துடுப்பைத் துப்பாக்கிபோலத் தோளில் சாத்தி வரிசையாக நிற்க, கப்பலில் இருந்தவர்கள் பெரும்படை என்று மிரண்டார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. வரலாற்றாசிரியர்கள் தலையைச் சொறியலாம். ஹாக்கி ரசிகருக்கு அந்தக் கதை நூறு சதவீதம் உண்மை. இந்தப் பக்கம் போவதுபோல் உடம்பைக் காட்டி, அந்தப் பக்கம் பந்தோடு போன இந்திய வீரர் முகமது ஷாகித்தைப் பார்த்தவருக்கு ஏமாற்று வித்தையின் அருமை தெரியும்.

அவருடைய கணக்குப் புத்தகத்தில் அடுத்த வரவு 1928. ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் இறுதி ஆட்டம், ஒல்லாந்தர்களின் சொந்த மண், அவர்களுடைய ரசிகர் கூட்டம். இந்தியா 3–0. அந்தப் போட்டி முழுக்க இந்தியா 29 கோல் போட்டது. வாங்கியது ஒன்றுகூட இல்லை. பிறகு 1952 ஹெல்சிங்கி இறுதியில் 6–1. அந்த ஆறில் ஐந்து பல்பீர் சிங் அடித்தவை. அதுவரை கணக்கு சுத்தம்.

பாகிஸ்தான் கதை வேறு. 1956, 1960, 1964 என்று அடுத்தடுத்து மூன்று ஒலிம்பிக் இறுதிகளில் இரண்டு அணிகளும் மோதின. மூன்றும் 1–0. மெல்போர்னில் நாம், ரோமில் அவர்கள், டோக்கியோவில் மறுபடி நாம். இரண்டு பேருக்கும் ஒரே குருகுலம், ஒரே குறும்பாஸ், ஒரே மணிக்கட்டு. பங்காளிச் சண்டையில் சத்தம் அதிகம்தான். ஆனால் வரப்புத் தகராறைத் தாண்டி அதில் ஒன்றுமில்லை என்பது குளச்சல்காரரின் கட்சி. 1982 டெல்லி ஆசியப் போட்டியில் 7–1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொன்னால்கூட, “ஹாங்சோவில் 2023-இல் 10–2 கொடுத்தாச்சே” என்று முடித்துவிடுவார்.

அவரால் முடிக்க முடியாதது 1973.

ஆம்ஸ்டெல்வீனில் நடந்த உலகக் கோப்பை அது. அரையிறுதியில் பாகிஸ்தானை 1–0 என்று தாண்டியாயிற்று. அப்போதே நாட்டில் பாதிப் பேருக்குக் கோப்பை கிடைத்துவிட்டது. செப்டம்பர் 2, இறுதி ஆட்டம், எதிரே நெதர்லாந்து. ஆட்டம் சூடேறும் முன்பே சுர்ஜித் சிங் இரண்டு கோல் போட்டார். சென்னைக்கே தொலைக்காட்சி 1975-இல்தான் வந்தது; குளச்சலுக்கு வானொலியும் மறுநாள் செய்தித்தாளும்தான். பிறகு ஒல்லாந்தர்கள் ஒன்று போட்டார்கள், இன்னொன்றும் போட்டார்கள். 2–2. கூடுதல் நேரத்தில் இந்தியாவுக்கு ஒரு பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தது. குறுக்கே கோல்கீப்பர் ஒருவர் மட்டும். போட்டால் உலகக் கோப்பை. கோவிந்தா அடித்தார், கோல் விழவில்லை. கடைசியில் பெனால்டி ஸ்ட்ரோக்குகளில் 4–2 என்று கோப்பை அவர்களிடமே தங்கிவிட்டது.

கண்ணால் பார்த்த தோல்வி ஒரு விதமாகத்தான் இருக்கும். காதால் கேட்ட தோல்விக்கு அந்த வரம்பு கிடையாது. தூக்கம் வராத இரவுகளில் குளச்சல்காரர் அந்த ஸ்ட்ரோக்கைத் தானே அடித்துப் பார்க்கிறார்: இடது மூலையில் தரையோடு, வலது மூலையில் உயரமாக, கீப்பரின் காலிடுக்கில். எப்படி அடித்தாலும் கோல்தான். இரண்டு வருடம் கழித்துக் கோலாலம்பூர் இறுதியில் தியான் சந்தின் மகன் அசோக் குமார் போட்ட கோலால் பாகிஸ்தானை 2–1 என்று வென்று இந்தியா கோப்பையைக் கொண்டுவந்தது. நாடு ஆம்ஸ்டெல்வீனை மறந்தது. அவர் மறப்பதாயில்லை. 2018 புவனேஸ்வர் காலிறுதியில் முதல் கோலை நாம் போட்டும் 2–1 என்று அதே நெதர்லாந்திடம் தோற்றபோது, “சொன்னேனா இல்லையா” என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல ஆளில்லை.

ஆனால் இந்தப் பகையில் ஒரு சிக்கல் உண்டு. அதுவும் குளச்சலில் தொடங்கியதுதான்.

போரில் சிறைப்பட்டவர்களில் டிலனாய் என்று ஒருவர். மார்த்தாண்ட வர்மா அவரைத் தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். தோற்றவர் ஜெயித்தவனுக்கு வாத்தியார் ஆனார்; வலிய கப்பித்தான் என்ற பதவிக்கு உயர்ந்து, உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தி, 1777-இல் இறந்து அங்கேயே அடக்கமானார். கல்லறையில் லத்தீனும் தமிழும் சேர்ந்தே இருக்கின்றன.

இருநூற்றுச் சொச்சம் வருடம் கழித்து இந்திய ஹாக்கியும் அதே வழிக்கு வந்தது. 2015-இல் ஆண்கள் அணியின் பயிற்சியாளர் ரோலன்ட் ஓல்ட்மன்ஸ்: 1996-இல் நெதர்லாந்துக்கு ஒலிம்பிக் தங்கமும் 1998-இல் உலகக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தவர். அந்த டிசம்பரில் ராய்ப்பூரில் ஹாக்கி உலக லீக் வெண்கலத்துக்கான ஆட்டம் 5–5 என்று முடிந்து, ஷூட் அவுட்டில் இந்தியா வென்றது. தோற்ற அணி நெதர்லாந்து! மறுவருடம் தீபாவளிக்கு மறுநாள் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியில் பாகிஸ்தானையும் 3–2 என்று முடித்தது அவர் அணிதான். டோக்கியோவில் பெண்கள் அணியை நான்காம் இடம்வரை கொண்டுபோன ஷுவர்ட் மரைனும் ஒல்லாந்தரே. குளச்சல்காரருக்கு இதில் பெருமைதான். டிலனாய் வழக்கு என்று இதற்குப் பெயரும் வைத்துவிட்டார்.

பங்காளியும் சும்மா இருக்கவில்லை. 1990-இல் லாகூரில், பாகிஸ்தான் ரசிகர்கள் கண்முன்னே, அவர்களை 3–1 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கிய நெதர்லாந்து அணியின் பயிற்சியாளர் ஹான்ஸ் யோரிட்ஸ்மா. நான்கு வருடம் கழித்து அதே மனிதரைப் பாகிஸ்தான் வேலைக்கு வைத்தது. சிட்னி இறுதியில் நெதர்லாந்தை பெனால்டி ஸ்ட்ரோக்கில் வென்று உலகக் கோப்பையை வாங்கியது. மார்த்தாண்ட வர்மா கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

இவ்வளவு சொன்னாலும், பங்காளி இல்லாத ஆட்டத்தில் குளச்சல்காரருக்கு உப்பு உறைப்பதில்லை. பாகிஸ்தான் ஆண்கள் அணி 2012 லண்டனுக்குப் பிறகு மூன்று ஒலிம்பிக்குகளுக்குத் தகுதி பெறவில்லை. 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னைக்கும் மதுரைக்கும் வந்தது; இந்தியா இருந்த பிரிவிலேயே இடம் கிடைத்தும் அவர்கள் விலகிக்கொண்டார்கள். அந்த இடத்துக்கு ஓமன் வந்தது. மதுரையில் இந்தியா 17–0. பதினேழு கோல் விழுந்தும் தொண்டை கட்டிப்போகும்படி கத்த முடியவில்லை என்பது அவருடைய மனத்தாங்கல். எதிரே சரியான ஆள் இல்லாமல் ஜெயிப்பதில் என்ன இருக்கிறது?

2026 ஆகஸ்டு உலகக் கோப்பையை நடத்தும் பொறுப்பு நெதர்லாந்துக்கும் பெல்ஜியத்துக்கும் போயிருக்கிறது. நெதர்லாந்துப் பக்கத்து ஆட்டங்களுக்கான இடம் ஆம்ஸ்டெல்வீன், 1973-இல் தோற்ற அதே வாகனர் அரங்கம். யாரிடம் வேண்டுமானாலும் தோற்கட்டும், பாகிஸ்தானிடம்கூடத் தோற்கட்டும். அந்த மைதானத்தில் ஒல்லாந்தரிடம் மட்டும் கூடாது என்பது குளச்சல் தீர்ப்பு.