கொல்கத்தாவில் ஒரு நாள்

வெளியூரில் வாழும் தமிழருக்கு அண்டை வீட்டாரே உறவினர். மும்பை மாதுங்காவில் பன்னிரண்டு ஆண்டுகள் எங்கள் அடுத்த வீட்டில் குடியிருந்து, பின்னர் மாற்றலாகிக் கொல்கத்தா சென்ற நண்பர், சென்ற ஆண்டு பணி ஓய்வு பெற்றார். “மயிலாடுதுறைக்கே திரும்பிவிடலாமா, இங்கேயே இருந்துவிடலாமா? நேரில் வந்து சொல்லுங்கள்” என்று எழுதியிருந்தார். ஊர் திரும்புவதே முறை என்று சொல்லிவிடும் தீர்மானத்தோடு மார்கழியில் இரயிலேறினோம். அங்கே அவர்களுடன் கழித்த ஒரு நாளைப் பற்றி நம் சங்கத்து அன்பர்களிடம் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நண்பர் இல்லம் லேக் மார்க்கெட்டுக்கு அருகில் உள்ளது. காலையில் கடைத்தெருவில் நடந்தபோது காப்பிப் பொடியின் மணமும் வாழையிலைக் கட்டுகளும் எங்களை மாதுங்காவுக்கே அழைத்துச் சென்றன. வீடு திரும்பி இட்டலி உண்டு, புளியோதரையும் கட்டிக்கொண்டு, நண்பர், அவர் துணைவியார், எண்பது கடந்த அவர் தாயார், பதினைந்து வயதுப் பேத்தி ஆகியோருடன் வண்டியில் புறப்பட்டோம். 1992-இல் திறக்கப்பெற்ற வித்யாசாகர் பாலத்தின் வழியே ஹூக்ளியைக் கடந்து, சிப்பூரிலுள்ள தாவரவியல் தோட்டத்தை அடைந்தோம்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி இராபர்ட் கிட் என்பவரால் 1787-இல் தொடங்கப்பெற்ற தோட்டம் இது. இன்று ஜகதீச சந்திர போஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இங்குள்ள ஆலமரத்தைக் காணவே பலரும் வருகின்றனர். தொலைவிலிருந்து பார்த்தால் ஒரு காடு. நெருங்கினால்தான் ஒரே மரம் என்பது விளங்குகிறது. ஏறத்தாழ 4½ ஏக்கர் பரப்பில், 3,000-க்கும் மேற்பட்ட விழுதுகளை ஊன்றி நிற்கும் அதன் அகவை 250 ஆண்டுகளுக்கு மேல் என்கின்றனர்.

“நடுவிலே அடிமரத்தைக் காணோமே?” என்று நண்பரின் தாயார் வினவினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் புயல்களில் காயமுற்ற அடிமரம் பூஞ்சை நோயால் அழுகியமையால், 1925-இல் அதனை அகற்றிவிட்டனர். அன்றுமுதல் விழுதுகளே மரத்தைத் தாங்குகின்றன. 2020-ஆம் ஆண்டு ஆம்பன் புயலில் ஒரு பகுதி சாய்ந்தும் மரம் பிழைத்துக்கொண்டது. இளம் விழுதுகள் வழிதவறாமல் மண்ணை எட்டுவதற்காக அவற்றை மூங்கிற் குழாய்களுக்குள் விட்டு வளர்க்கிறார்கள் என்று நண்பர் கூறினார். தாயார் ஒன்றும் சொல்லாமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

புளியோதரையை வண்டியிலேயே உண்டுவிட்டு, பிற்பகலில் 1814-இல் தோன்றிய இந்திய அருங்காட்சியகத்திற்குச் சென்றோம். மத்தியப் பிரதேசத்துப் பார்ஹுத்தில் கன்னிங்காம் 1873-இல் கண்டெடுத்த செந்நிற மணற்கல் வேலி அங்கே ஒரு கூடத்தை நிறைக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அக்கற்களில் கொடையாளர்களின் பெயர்கள் பிராமி எழுத்தில் உள்ளன. ஒரு தூணைத் தந்தவள் இரேவதிமித்திரனின் மனைவி சாபாதேவி. தன் ஊர் விதிசை என்பதையும் அவள் பொறிக்கச் செய்திருக்கிறாள். வேற்றூரில் அறம் செய்தவளுக்கும் சொந்த ஊரின் பெயரைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை போலும்!

மாலையில் இரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் சற்றே உலாவி வீடு திரும்பினோம். இரவு உணவுக்குப்பின் பேத்தி தாகூரின் ‘பாசந்தி, ஹே புவனமோஹினி’ என்னும் பாடலைப் பாடினாள். பாட்டியின் கை தானாகவே தாளம் போடத் தொடங்கியது. “இது நம்ம ‘மீனாக்ஷி மே முதம்’ ஆச்சே!” என்றார் வியப்புடன். ஆம், சாந்திநிகேதனத்தில் பயின்ற சாவித்திரி என்னும் தென்னாட்டு மாணவி பாடக் கேட்டு, முத்துசுவாமி தீட்சிதரின் அந்த வடமொழிக் கீர்த்தனையின் மெட்டில் தாகூர் அமைத்த பாடல்தான் அது.

பாட்டி உள்ளே சென்று தம் பழைய பாட்டு நோட்டைக் கொணர்ந்து பேத்தியிடம் நீட்டினார். பெண் சற்று நேரம் புரட்டிவிட்டு, “எனக்குத் தமிழ் படிக்க வராதே, பாட்டி” என்றாள். பிறகு பாட்டி சொல்லச் சொல்ல, கீர்த்தனை முழுவதையும் வங்க எழுத்தில் எழுதிக்கொண்டாள். நண்பரும் அவர் துணைவியாரும் தலைகுனிந்திருந்தனர். எங்களாலும் அவர்களைப் பார்க்க இயலவில்லை. எங்கள் வீட்டுப் பேரனும் தமிழைத் தேவநாகரியில்தான் எழுதுகிறான்.

மறுநாள் ஹௌரா நிலையத்தில், “நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லையே?” என்று நண்பர் கேட்டார். கொண்டு சென்ற அறிவுரை எங்களிடம் இல்லை. “ஊருக்குப் போவதோ இருப்பதோ, அம்மாவைக் கேட்டு முடிவு செய்யுங்கள். எங்கிருந்தாலும் அந்தப் பெண்ணுக்குத் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்” என்றோம். “அம்மா நேற்றிரவே ‘அ’னா எழுதிக் கொடுத்துவிட்டாள்” என்றார் அவர்.

மும்பை திரும்பிய மறுநாளே நாங்களும் ஒரு சிலேட்டு வாங்கினோம். விழுது தானே மண்ணைத் தேடிக்கொள்ளும் என்று இதுகாறும் இருந்துவிட்டோம். மூங்கிற் குழாய் வைப்பது நம் வேலையல்லவா?