முதலில் பதிவேடு, கடைசியில் பேச்சு

பெரிய நிறுவனங்களின் தளங்களை விட்டு வெளியே வரலாம் என்று ஒரு குழு முடிவெடுத்ததும் எழும் முதல் கேள்வி, "எந்த ஆப்புக்கு மாறலாம்?" என்பதுதான். ஏரி காக்கும் குழுக்கள், வாசகர் வட்டங்கள், குடியிருப்போர் சங்கங்கள் போன்றவற்றுக்குச் சர்வர் அமைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலன் நான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வேறொன்றைக் கேட்பேன்: "நாளைக் காலையில் உங்கள் குழு மறைந்துபோனால், எது போனதற்காக வருந்துவீர்கள்?" ஏரிக் குழு என்றால் உடனே பதில் வரும். ஆக்கிரமிப்பைக் காட்டும் படங்கள், கொடுத்த மனுக்களின் நகல்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பதில்கள், வரவு செலவுக் கணக்கு. வெளியேற்றத்தை அங்கேதான் தொடங்க வேண்டும். பதிவேடு முதலில் வரட்டும். பேச்சு கடைசியில் வந்தால் போதும்.

பேச்சை முதலில் நகர்த்தினால் என்ன ஆகும் என்பதை 2021 ஜனவரியில் பார்த்தோம். தனியுரிமைக் கொள்கையை மாற்றுவதாக வாட்ஸ்அப் அறிவித்ததும் பலரும் சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் போனார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. அதே கொள்கை மாற்றத்துக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டா நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆனால் போனவர்களில் பலர் சீக்கிரமே திரும்பிவிட்டார்கள். வீடும் வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பழைய செயலியிலேயே இருக்கும்போது, ஒரு குழுவுக்காக மட்டும் இன்னொன்றைத் திறந்து பார்க்க எத்தனை பேரால் முடியும்? ஆட்கள் இருக்கும் இடத்தில்தான் பேச்சு இருக்கும். ஆவணத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதை இரண்டு பேர் நினைத்தால்கூட நகர்த்திவிடலாம்.

நகர்த்தாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ் இணையம் நன்றாகவே அறியும். மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற யாஹூ குழுமங்களில் ஒரு தலைமுறை எழுத்தாளர்களும் வாசகர்களும் நாள்தோறும் விவாதித்தார்கள். 2019 அக்டோபரில், குழுமங்களில் சேர்ந்திருந்த உள்ளடக்கத்தை நீக்கப்போவதாக யாஹூ அறிவித்தது. 2020 டிசம்பரில் குழுமச் சேவையே மூடப்பட்டது. யாராவது தன் கணினியில் எடுத்து வைத்ததுதான் மிச்சம். அதே காலத்தில், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை எளிய கோப்புகளாக வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று திறந்து விட்டது. பிரதி பல கைகளில் இருக்கிறது. ஒரு நிறுவனம் கதவை மூடி அதை அழித்துவிட முடியாது.

இந்த வேலையில் நான் அதிக நேரம் செலவிடுவது புகைப்படங்களில். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக ஒரு படத்தை அனுப்பினால் அது சுருங்கிவிடும். படத்துக்குள் கேமரா எழுதிவைத்த நேரமும் இடமும் நீங்கிவிடும். பெறுபவரின் ஆண்ட்ராய்டு போனில் ஐஎம்ஜி என்று தொடங்கி, ஒரு தேதி, பிறகு டபிள்யூஏ என்ற எழுத்துகள், ஒரு வரிசை எண் என்று பெயர் சூட்டிக்கொண்டு அது உட்கார்ந்திருக்கும். அந்தத் தேதி படம் எடுத்த தேதியாக இருக்க வேண்டியதில்லை. ஏரியின் உபரி நீர் வழியும் கலங்கலை ஒட்டி மண் கொட்டியதைக் காட்டும் படத்துக்கு உயிரே அது எப்போது, எங்கே எடுக்கப்பட்டது என்பதுதான். அதனால் எடுத்தவர் போனில் இருக்கும் அசல் படத்தைத்தான் வாங்குவேன். நெக்ஸ்ட்கிளவுட் என்ற கட்டற்ற மென்பொருளைச் சிறிய சர்வரில் நிறுவி, மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய், கரை என்று நான்கு கோப்புறைகள் போடுவேன். படத்தை எடுத்தவரே நேராக அதில் ஏற்றுவார். அசலை ஏற்ற வழியில்லாதவர்களை வாட்ஸ்அப்பிலேயே 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுவேன். அப்படி அனுப்பினால் கோப்பு மாறாமல் வரும். பழைய தளத்தையே புதிய இடத்துக்கு வரும் வழியாகப் பயன்படுத்துவதில் எனக்குக் கூச்சம் இல்லை.

அடுத்தது வரைபடம். 2015 டிசம்பர் வெள்ளத்தில், ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை அடித்தளமாகக் கொண்டு, சென்னையில் எந்தெந்தத் தெரு மூழ்கியிருக்கிறது என்பதைப் பொதுமக்களே குறித்தார்கள். 2004இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் தரவை யாரும் திருத்தலாம், யாரும் முழுதாக இறக்கிக்கொள்ளலாம். ஏரிக்கு நீர் வரும் கால்வாய் எங்கே மறிக்கப்பட்டது என்பது அதன் ஓரத்தில் வசிப்பவர்களுக்குத் தெரியும். கால்வாயோடு நடந்து, மறிப்பு இருக்கும் இடத்தில் நின்று ஜிபிஎஸ் புள்ளி எடுத்து வரைபடத்தில் சேர்க்கும்போது, அந்த அறிவு ஊரின் பொதுச் சொத்தாகிறது.

பேச்சுக்கு வருவோம். அதையும் நகர்த்தத்தான் வேண்டும். ஆனால் காரணம் தெளிவாக இருக்க வேண்டும். 2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. அடுத்த மாதமே சென்னையில் பெருமழை. அந்த ஆறு மணி நேரம் மழை இரவில் வந்திருந்தால், கரை உடையப் போகிறது என்று யார் யாருக்குச் சொல்வது? அதனால் கரையோரத் தெருக்களில் தெருவுக்கு ஒருவர் என்று ஒரு சிறு வட்டத்துக்கு மட்டும் எக்ஸ்எம்பிபி நெறிமுறையில் இயங்கும் அரட்டை அமைத்துக் கொடுப்பேன். மின்னஞ்சலைப் போலவே அதில் யாருடைய சர்வரில் இருப்பவரும் யாருடைய சர்வரில் இருப்பவரோடும் பேசலாம். என் சர்வர் பிடிக்காவிட்டால் வேறு சர்வருக்குப் போகலாம். செல்போன் கோபுரமே செயலிழக்கும் இரவுக்காக, யார் வீடு எங்கே, யார் கதவைத் தட்ட வேண்டும் என்று தாளில் அச்சடித்த பட்டியலும் உண்டு.

இந்த அரட்டையை அறிமுகப்படுத்தும் கூட்டங்களில் நெறிமுறையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மகளிர் சுயஉதவிக் குழுவை நடத்தும் ஓர் அக்கா கேட்டார்: "தம்பி, இதுல பேசி அனுப்பலாமா? எழுத எனக்கு நேரமில்ல." முடியும் என்றேன். "என் நம்பர் எல்லாருக்கும் தெரியுமா?" தெரியாது, பயனர் பெயர் மட்டும்தான் தெரியும் என்றேன். "அப்போ எங்க பொண்ணுங்களையும் சேர்த்துடு." முன்பின் தெரியாதவர்கள் நிறைந்த குழுவில் தங்கள் எண் தெரிவதற்கு அஞ்சியே பல பெண்கள் பொது வேலைகளில் ஒதுங்கி நிற்கிறார்கள். அவர்களுக்கு இந்த மாற்றம் அன்றே பயன் தருகிறது. அமைத்த பிறகு ஒவ்வொரு போனையும் கையில் வாங்கி, பேட்டரி சேமிப்பு அமைப்பிலிருந்து அந்தச் செயலிக்கு விலக்குக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சில போன்களில் செய்தி வந்ததே தெரியாது. "இது வேலை செய்யவில்லை" என்ற பெயர் வந்துவிடும்.

இதெல்லாம் ஒரு நாள் வேலை. பிறகு வருவது பராமரிப்பு; உண்மையான கைத்திறன் அதில்தான் இருக்கிறது. முன்பு ஏரியை ஊரே கூடித் தூர்வாரிக் கரை கட்டிய குடிமராமத்து போல, சர்வருக்கும் ஆண்டு முழுக்க ஆட்கள் வேண்டும். டொமைனை யார் புதுப்பிப்பது? வாடகைக்கு யார் வசூலிப்பது? மென்பொருளின் பாதுகாப்புத் திருத்தங்களை யார் ஏற்றுவது? காப்புப் பிரதி எடுத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து ஒரு கோப்பை மீட்டுப் பார்த்தால்தான் அது பிரதி. இவை எதிலும் என் பெயர் மட்டும் இருந்தால், பெரிய முதலாளியை விட்டுச் சிறிய முதலாளியிடம் வந்ததாகத்தான் ஆகும்.

அதனால் பெரிதாக வளரும் ஆசையை நான் வளர்த்துக்கொள்வதில்லை. பிரான்சில் ஃப்ராமாசாஃப்ட் என்ற அமைப்பு 2014இல் கூகுளுக்கு மாற்றான சேவைகளைத் தரும் இயக்கத்தைத் தொடங்கியது. மக்கள் திரண்டு வந்தார்கள். எல்லாரும் தங்களிடமே குவிவது மறுபடியும் ஒரு மையம் என்று கருதி, 2016இல் சிறு சிறு சேவையாளர்களின் கூட்டமைப்பை உருவாக்கினார்கள்; 2019இல் தங்கள் சேவைகள் பலவற்றைப் படிப்படியாக மூடப்போவதாக அறிவித்தார்கள். என் வேலையில் நான் மிகவும் மதிக்கும் முடிவு அது.

உங்கள் குழு இந்த வாரமே தொடங்கலாம். ஒரு தாளில் எழுதுங்கள்: உங்கள் படங்கள் யார் போனில் இருக்கின்றன, கணக்கு யார் மின்னஞ்சலில் இருக்கிறது, கடவுச்சொல் யாருக்குத் தெரியும். எந்த வரியில் ஒரே ஒரு பெயர் இருக்கிறதோ, அங்கே இரண்டாவது பெயரைச் சேருங்கள். அவருக்கு அந்த வேலையைக் கற்றுக் கொடுங்கள். எந்த ஆப் என்ற கேள்வியை அதன் பிறகு பேசலாம்.