மலையில்லாத ஊரில் மலை ஏறுகிறோம்

டென்மார்க்கில் ‘வானமலை’ என்றே பெயர் வைத்த ஒரு மலை இருக்கிறது. டேனிஷில் ஹிம்மெல்பியர்க். உயரம் 147 மீட்டர்! ஒரு காலத்தில் நாட்டின் உச்சியே அதுதான் என்று நம்பியிருக்கிறார்கள். பிறகு அளக்க அளக்க அந்தப் பட்டம் மேடு மேடாகக் கைமாறி, கடைசியில் 2005-இல் மொல்லஹொய் என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 170.86 மீட்டர். பண்ணை ஒன்றை ஒட்டிய புல்மேடு, அவ்வளவுதான். கோல்டிங்கில் வேலை கிடைத்ததும் நான் முதலில் தேடிப் பார்த்த விஷயம் இது. மொட்டை மாடியில் நின்றாலே மேற்குத் தொடர்ச்சி மலை தெரிகிற போடிநாயக்கனூரில் வளர்ந்தவன் வேறு எதைத் தேடுவான்?

சின்ன வயதிலிருந்தே எனக்கு நடைப் பைத்தியம். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் பக்கம் ஏறுவது, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பது, கல்லூரி நாட்களில் மூங்கில் தடி ஊன்றி வெள்ளியங்கிரியின் ஏழு மலை. இப்போது யோசித்தால் ஒன்று புரிகிறது. நம்ம ஊரில் மலை என்றால் உச்சியில் சாமி இருக்கும். பர்வதமலை, சதுரகிரி எதை எடுத்தாலும் அப்படித்தான். சாமி இல்லாத மலையில் ஏறினால், “அங்க என்னடா இருக்கு?” என்று வீட்டில் கேட்பார்கள். சும்மா நடப்பதற்காக நடப்பது என்பது நமக்குச் சமீபத்தில் வந்த பழக்கம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றம் போனவர்கள் 20 பேருக்கும் மேல் இறந்தபோது, அந்தப் பழக்கமே நின்றுவிடுமோ என்று தோன்றியது. நிற்கவில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 பாதைகளை, இணையப் பதிவும் உள்ளூர் வழிகாட்டிகளும் ஏற்பாடு செய்து திறந்துவிட்டது.

இங்கே டேனிஷ்காரர்களுக்குக் காரணமே வேண்டாம். மழை தூறும், காற்று முகத்தில் அறையும், பாலர் பள்ளிப் பிள்ளைகள் மழை உடுப்பை மாட்டிக்கொண்டு வரிசையாகக் காட்டுக்குள் போவார்கள். மோசமான வானிலை என்று ஒன்று கிடையாது, மோசமான உடுப்புதான் உண்டு என்பது இவர்களுடைய பழமொழி. முதல் வருடம் கேட்டுச் சிரித்தேன். இரண்டாம் வருடம் நல்ல மழைக்கோட்டு வாங்கினேன்.

கோட்டையிலிருந்து கடல் வரை

கோல்டிங், யூலாந்து தீபகற்பத்தின் கிழக்குக் கரையில், ஒரு ஃபியோர்டின் உள்முனையில் இருக்கிற ஊர். நடுவில் ஏரி, ஏரிக்கரையில் 1268-இல் தொடங்கப்பட்ட கோல்டிங்ஹூஸ் கோட்டை. 1808-இல் நெப்போலியனின் கூட்டாளிப் படையாக ஸ்பெயின் சிப்பாய்கள் இங்கே தங்கியிருந்தார்கள். குளிர் தாங்காமல் அவர்கள் அடுப்பை மூட்டிய வேகத்தில் கோட்டையே எரிந்துபோனது. நவம்பர் மாதத்தில் இந்தக் கதையைக் கேட்கும் எந்தத் தமிழனும் அந்தச் சிப்பாய்களைக் குறை சொல்ல மாட்டான். ரொம்ப காலம் இடிபாடாகக் கிடந்ததைப் பின்னாளில் அழகாகச் சீர்செய்திருக்கிறார்கள். கோபுரத்தில் ஏறினால் ஊரும் ஃபியோர்டும் முழுசாகத் தெரியும்.

குழந்தைகளோடு நடக்கச் சுலபமான பாதை ட்ரோல்ஹெடப் பாதை. 1917-இல் போட்டு 1968-இல் மூடிய ரயில் தடம் இது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விட்டிருக்கிறார்கள். ரயில் ஏறிய சரிவு என்பதால் மூச்சு வாங்காது.

எனக்குப் பிடித்தது ஃபியோர்டின் தென்கரையில் இருக்கிற ஸ்டெண்டரூப் காடுகள். மரங்கள் அப்படியே கடல் விளிம்பு வரை வந்து நிற்கும். முக்கால்வாசி பீச் மரம். டேனிஷில் ‘பூ’ மாதிரி ஒலிக்கும் சொல், இந்த நாட்டின் தேசிய மரம். ஏப்ரலில் இலை வருவதற்கு முன்பே கீழே தரையெல்லாம் வெள்ளை அனிமோன் பூத்திருக்கும். மே மாதம் இளம்பச்சை இலை விரியும்போது காடு முழுக்கப் பூண்டு வாசம். காட்டுப்பூண்டு! அதன் இலையைக் கிள்ளி வந்து துவையல் அரைக்கலாம், நாங்கள் அரைக்கிறோம். ஆனால் பள்ளத்தாக்கு லில்லி என்ற விஷச்செடியின் இலையும் பார்க்க அதே போல இருக்கும். கசக்கி முகர்ந்து, பூண்டு வாசம் வந்தால் மட்டும், அதுவும் ஒவ்வொரு இலையாகப் பறியுங்கள்.

கரையில் பொறுமையாக உட்கார்ந்தால் லில்லபெல்ட் நீரிணையில் சின்ன கறுப்பு முதுகுகள் எழும்பி மறைவதைப் பார்க்கலாம். டால்பினின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு பிராணி. டேனிஷில் ‘மார்ஸ்வின்’. “மார்னா கடல், ஸ்வின்னா பன்றி. அப்போ கடல்பன்றி!” என்று என் மகள்தான் பிரித்துச் சொன்னாள். அவளுக்கு ஏழு வயது. பள்ளியில் பேசுகிற மொழியையும் வீட்டில் பேசுகிற மொழியையும் அவள் தானாகவே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த முதல் தருணம் அது.

மொழிக்காக ஒரு மேடு

கோல்டிங்கின் தெற்கே, காரில் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, ஸ்கம்லிங்ஸ்பாங்கன் என்ற மேடு. 113 மீட்டர். இந்தச் சுற்றுவட்டாரத்துக்கு இதுதான் இமயமலை. வயல்களுக்கு நடுவே ஏறும் பாதை, உச்சியில் கடல் காட்சி, கருங்கல்லால் ஆன ஒரு உயரமான தூண். ஏதோ போர் நினைவுச்சின்னம் போல என்றுதான் முதலில் நினைப்போம். அது மொழிக்கான தூண்.

கதை இது. 19-ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதி ஸ்லெஸ்விக் என்ற சிற்றரசு. டென்மார்க் மன்னரின் கீழேதான் இருந்தது. ஆனால் ஆட்சிமொழியாக ஓங்கியிருந்தது ஜெர்மன். வடக்கே விவசாயிகள் பேசியது டேனிஷ். 1842 நவம்பரில் ஹியோர்ட் லொரென்சன் என்ற வணிகர் ஸ்லெஸ்விக் சபையில் எழுந்து டேனிஷில் பேசினார். ஜெர்மன் தெரியாமல் இல்லை, நன்றாகத் தெரியும். தலைவர் தடுத்தும் அவர் டேனிஷிலேயே தொடர்ந்து பேசினார். அடுத்த வருடம் 1843 மே 18 அன்று இந்த மேட்டில் முதல் மொழி விழா. சுமார் 6,000 பேர் கூடினார்கள். அதற்கடுத்த விழாவில் புகழ்பெற்ற பாதிரியாரும் கவிஞருமான குருண்ட்விக் வந்து பேசினார். அதே 1844-இல் ரொட்டிங் என்ற ஊரில், மக்கள் மொழியில் சொல்லிக்கொடுக்கும் முதல் நாட்டுப்புற உயர்நிலைப் பள்ளி திறந்தது.

1863-இல் மொழிக்காகப் பாடுபட்ட 18 பேரின் பெயர் பொறித்து இந்தத் தூணை நட்டார்கள். மறு வருடமே போர். பிரஷியப் படை தூணை வெடி வைத்துத் தகர்த்தது. கற்களை மீட்டு 1866-இல் மறுபடியும் நிறுத்தினார்கள். சிதைந்த விளிம்புகளை இன்றைக்கும் கல்லில் தடவிப் பார்க்கலாம்.

போரில் தோற்றதும் எல்லைக்கோடு கோல்டிங்குக்குப் பக்கத்திலேயே வந்து விழுந்தது. இந்த மேடு டென்மார்க்கிடமே தங்கியது, மேட்டிலிருந்து தெற்கே தெரிந்த ஊர்கள் போய்விட்டன. ரொட்டிங்கும் அந்தப் பக்கம் போனதால் பள்ளி ஆஸ்கோவ் என்ற ஊருக்கு இடம் பெயர்ந்தது. 1888 முதல் அந்தப் பக்கப் பள்ளிகளில் சமயப் பாடம் தவிர மற்றதெல்லாம் ஜெர்மனில்தான். பெற்றோர் வீட்டில் டேனிஷ் சொல்லிக்கொடுத்தார்கள், வளர்ந்த பிள்ளைகளை எல்லை தாண்டிப் படிக்க அனுப்பினார்கள். 1920-இல் வாக்கெடுப்பு நடந்து வட ஸ்லெஸ்விக் திரும்பி வரும்வரை, அதாவது 56 வருடம், இரண்டு தலைமுறை.

தூணைச் சுற்றி வந்து பெயர்களை எழுத்துக்கூட்டிய மகள் கேட்டாள், “அப்பா, இவங்கல்லாம் சண்டை போட்டவங்களா?”

“இல்லம்மா, பேசினவங்க.”

நம்மை யாரும் தடுக்கவில்லை

இந்த இடம் என்னை உலுக்கியதற்குக் காரணம் அந்த 56 வருடம்தான். அவர்களுக்குத் தடை இருந்தது. தடை இருந்ததால் பிடிவாதமும் இருந்தது. நம் பிள்ளைகளைத் தமிழ் பேசாதே என்று இங்கே யாரும் சொல்வதில்லை. டீச்சர் அன்பானவர், நண்பர்கள் நல்லவர்கள், தொலைக்காட்சி டேனிஷில், விளையாட்டு ஆங்கிலத்தில். எதிர்த்து நிற்க எதிரியே கிடையாது. தமிழ் சத்தமில்லாமல் ‘சாப்பாடு, தூக்கம், பாட்டி’ என்ற மூன்று சொல்லுக்குள் சுருங்கிவிடும்.

2002 வரை, இங்குள்ள நகராட்சிகள் எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் தாய்மொழி வகுப்பு நடத்த வேண்டிய கடமை இருந்தது. அந்த வருடம் சட்டம் மாறியதில் நம்மைப் போன்றவர்களின் மொழிகள் விடுபட்டுப்போயின. இன்றைக்கு வார இறுதியில் நடக்கும் தமிழ் வகுப்பெல்லாம் தன்னார்வலர்களின் உழைப்பு. அவர்களில் பெரும்பாலோர் 1980களில் இங்கே வந்த ஈழத்தமிழர்களும் அவர்களின் பிள்ளைகளும். ஹெர்னிங் சித்தி விநாயகர் கோயில், பிராண்ட அபிராமி அம்மன் கோயில் என்று நமக்கு வந்து இறங்க இடம் செய்துவைத்ததும் அவர்கள்தான்.

அப்படிப்பட்ட ஒரு ஐயாவைப் பேரனோடு நடக்க வரச் சொல்லிக் கூப்பிட்டேன். “தம்பி, காட்டுக்குள்ளால நடந்தது போதும் எண்டுதான் நாங்கள் இஞ்ச வந்தனாங்கள்” என்றார். நான் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. எனக்கு நடை என்றால் ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு நடை என்றால் மூட்டை முடிச்சு. தோளில் பை போட்டுக் காட்டில் நடப்பது ஒரு பொழுதுபோக்கு என்று சொல்ல முடிவதே ஒரு கொடுப்பினை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

சில மாதம் கழித்து, பேரன் அடம்பிடித்ததால் அவரே வந்தார். ஸ்டெண்டரூப் காட்டில் முதல் அரை மணி நேரம் பேச்சே இல்லை. பிறகு ஒரு பீச் மரத்தடியில் நின்று பட்டையைத் தட்டிப் பார்த்து, “இது முதிரை மாதிரி வைரம் இல்லை” என்றார். “முதிரை எண்டா என்ன அப்பப்பா?” என்று பேரன் கேட்டான். அவ்வளவுதான், வன்னிக் காடு திறந்துகொண்டது. பாலை, வீரை, கருங்காலி. பாலைப்பழம் தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும் கதை. இரண்டு வருட வார இறுதி வகுப்பில் அந்தப் பையன் வாயில் வராத கேள்விகள் ஒரு மணி நேரத்தில் வந்தன. வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருந்தால் முதிரை என்ற சொல் வந்திருக்கவே வழியில்லை. தட்டிப் பார்க்க ஒரு மரம் வேண்டியிருந்தது.

இப்போது மாதம் ஒருமுறை நாலைந்து குடும்பம் சேர்ந்து நடக்கிறோம். ஒரே விதி: வண்டி நிறுத்துமிடத்திலிருந்து உச்சி வரை தமிழ், இறங்கும்போது எந்த மொழியும். பிள்ளைகள் ஏமாற்றத்தான் செய்கிறார்கள். இறங்கும் வழியில் டேனிஷ் கொட்டும். ஆனால் ஏறும்போது கேட்கிற “இதுக்குத் தமிழ்ல என்ன?” என்ற கேள்விக்கு, பாதிக்கு எங்களிடமே பதில் இல்லை. எல்லாரும் சேர்ந்து ஒரு சொல் செய்கிறோம். நல்லதாக இருந்தால் அடுத்த மாதமும் அது உயிரோடு இருக்கிறது.

வருகிறவர்களுக்கு

பில்லுண்ட் லெகோலேண்டுக்கு வரும் குடும்பங்கள் ஒரு நாளைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். கோல்டிங் அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் நல்லவை. கோடையிலும் மழைக்கோட்டு அவசியம்.

ஸ்வீடன், நார்வே போல நினைத்த இடத்தில் கூடாரம் போடும் உரிமை டென்மார்க்கில் கிடையாது. தனியார் காட்டில் பாதையை விட்டு விலகக் கூடாது, பகலில் மட்டும்தான் அனுமதி. அரசுக் காடுகளில் கூடாரத்துக்கென்று ஒதுக்கிய பகுதிகளில் ஒரு இரவு தங்கலாம். அதைவிடச் சுலபம், ஒரு பக்கம் திறந்த மரக்குடில்கள். ஷெல்டர் என்பார்கள், பலவற்றை முன்பதிவு செய்யலாம். நெருப்பு அதற்கென்று அமைத்த இடத்தில் மட்டும்.

வீடு திரும்பியதும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஊர் உண்ணி நோய் பரப்பும்.

புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு வாருங்கள். 113 மீட்டர் உச்சியில், கடல் காற்றில், அதன் ருசியே தனி. ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்திருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள். ஏற முடியாது என்பார்கள். மெதுவாக ஏறலாம், மேடு சின்னதுதான்.