குழாயில் கேட்கும் மூச்சு

என்னிடம் இருப்பது 1967-ஆம் வருட எம்.ஜி.பி. இங்கிலாந்தின் ஆபிங்டனில் உருவான கார், 1798 சி.சி. எஞ்சின். நம் ஊர் அம்பாசிடரில் ஓடிய 1489 சி.சி. எஞ்சினும் இதே பி-வரிசைக் குடும்பம்தான். அப்பாவின் அம்பாசிடரில் வளர்ந்த காதுக்கு, இதை முதலில் கேட்டபோது உறவுக்காரர் குரலைக் கேட்டது போலிருந்தது.

பானெட்டைத் திறந்தால் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்கள் மணிகளைப் போல நிற்கும். எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உள்ளேயிருக்கும் பிஸ்டன் மேலே ஏறும். அதன் அடியில் ஓர் ஊசி; நுனிக்குப் போகப்போக மெலிந்தது. பிஸ்டன் ஏற ஏற ஜெட்டின் துளையில் இடம் விரியும், பெட்ரோல் கூடும். காற்றுக்கு ஏற்ற எரிபொருளை எஞ்சினே கேட்டு வாங்கிக்கொள்கிறது. இந்தக் கார்புரேட்டரைப் படைத்த ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் செருப்பு வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். முதலில் பிஸ்டனுக்குப் பதில் தோல் துருத்தியைத்தான் வைத்தார். கைக்குப் பழகிய பொருளிலிருந்தே யோசனை பிறந்திருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

வாங்கிய புதிதில் ஐடிலிங் தடுமாறியது. ஒரு சனிக்கிழமை முழுக்க ஜெட் நட்டுகளைத் திருகினேன்; மாலையில் வண்டி காலையைவிட மோசம். எதிர்வீட்டுப் பெரியவர் வந்தார், ஓய்வுபெற்ற மெக்கானிக். கார்புரேட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். 0.38 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய பாயிண்ட் இடைவெளி பாதிக்கு மேல் மூடிக் கிடந்தது. முதலில் வால்வு, பிறகு பாயிண்ட், டைமிங். கார்புரேட்டர் கடைசி என்றார். யார் செய்த தப்புக்கும் பழி அதன் தலையில் விழுவதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

கார்புரேட்டரின் முறை வந்ததும், ஜெட்டை மேலே ஏற்றிச் சமமாக்கி, நட்டை இரண்டு முழுச் சுற்று இறக்கினோம். எஞ்சின் நன்றாகச் சூடானதும் இரு கார்புரேட்டர்களையும் பிணைக்கும் கிளாம்புகளைத் தளர்த்தினார். தோட்டத்து ரப்பர் குழாயில் ஒரு துண்டை வெட்டி, ஒரு முனையைக் காற்று நுழையும் வாயில், மறுமுனையை என் காதில். ஸ்ஸ்ஸ் என்ற சீறல். அடுத்த வாயில் அதே சீறல், கொஞ்சம் ஓங்கி. இரண்டும் ஒரே சுருதிக்கு வரும்வரை ஐடிலிங் ஸ்குரூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும்.

கலவைக்கு வேறு சோதனை. பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்த வேண்டும். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே தொய்ந்தால் குறைவு. லேசாக ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. நட்டின் ஆறு பட்டைகளில் ஒரு தடவைக்கு ஒரு பட்டைதான். திருப்பியதும் கையை எடுத்துவிட்டு எஞ்சின் பதில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். எனக்கு மிகக் கடினமாக இருந்தது அந்தக் காத்திருப்புதான்.

இப்போது பெரியவருக்குக் காது மந்தம். ஆனாலும் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறார். குழாயை என்னிடம் கொடுத்துவிட்டு, வால்வு மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். போன ஞாயிறு இரண்டு சீறலும் ஒன்றானதாக எனக்குத் தோன்றியது, நிமிர்ந்து பார்த்தேன். அவர் கையை எடுக்கவில்லை. பின்பக்கக் கார்புரேட்டரின் ஸ்குரூவை இன்னும் ஒரு மயிரிழை திருப்பினேன். கையை எடுத்துத் துணியில் துடைத்துக்கொண்டார்.